முகப்புக்கு ஓர் எண், வளவுக்கு ஓர் எண்: கோட்டையூர்ப் பலகார வீடு ஒன்றின் தொலைபேசிச் சிக்கல் குறித்த நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் சிறு வணிகர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கடன் மனு முதலிய எழுத்துவேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். 2024 ஆடி மாதத்தில் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி என்னிடம் வந்தார். "தம்பி, இந்த நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு வேற நம்பர் வாங்கித் தாங்க. ராத்திரி தூங்க முடியலை" என்று சொல்லிக் கைப்பேசியை என் மேசைமேல் வைத்தார். நாங்கள் பேசிய அரை மணி நேரத்தில் அது பதினொரு முறை அதிர்ந்தது. அவற்றில் நான்கு, அவருக்குத் தெரியாத எண்களிலிருந்து வந்த வீடியோ அழைப்புகள். அந்த எண்ணை அவர் இன்றுவரை தூக்கிப் போடவில்லை. ஏன் போடவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம், எங்கெங்கே பிசகினோம் என்பதை அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

சிக்கலின் வேர்

ஆச்சிக்கு வயது ஐம்பத்து நான்கு. கணவர் காலமான பிறகு தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை ஆகியவற்றை வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கினார். முதலில் பங்காளி வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் செய்தார். பிறகு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகத் தொடங்கியது. தொழில் வளர்ந்தபோது உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும், முகவரியும், கைப்பேசி எண்ணும் அச்சிட்ட லேபிள்களைச் சிவகாசியில் அடித்து வாங்கினார். கைப்பேசி எண்ணைப் போட்டது அவருடைய அசட்டை என்று உறவினர் சிலர் குறை சொன்னார்கள். அது சரியன்று. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, வாங்கியவர் குறை சொல்வதற்குரிய ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை பொட்டலத்தின்மேல் இருந்தாக வேண்டும். சட்டத்தை மதித்து எண்ணை அச்சிட்டவருக்குத்தான் இந்தத் தொல்லை வந்தது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் எந்தப் பெண்ணுக்கும் இது வரலாம் என்பதாலேயே இதை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எண் ஊரறிய வெளியே போனதைக் காட்டிலும், அதே எண் வீட்டின் உள்ளறை வரை போயிருந்ததுதான் பெரிய ஆபத்து. வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, பேத்தியின் பள்ளி, மருத்துவர், பார்சல் அலுவலகம் என அத்தனையும் அந்த ஒரே எண்ணில் கட்டப்பட்டிருந்தன. வாட்ஸ்அப்பில் பேத்தியோடு எடுத்த படம் முகப்புப் படமாக இருந்தது. அவருடைய யுபிஐ முகவரியே அந்தப் பத்து இலக்கங்களும் வங்கியின் பெயரும் சேர்ந்ததுதான். ஆகவே எண் தெரிந்தவருக்கு அவருடைய முழுப்பெயரும் எந்த வங்கி என்பதும் தாமாகவே தெரிந்தன. தை மாதத்தில் ஒருவன் பார்சல் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, வங்கியின் பெயரையும் அவர் பெயரையும் சரியாகக் கூறி ஓடிபி கேட்டான். கை முழுக்க மாவாக இருந்ததால் உடனே பார்க்க முடியவில்லை என்பதே பணம் தப்பியதற்குக் காரணம்.

கேட்டுக்கொண்டே வந்தபோது வேறொன்றும் வெளிப்பட்டது. அந்த எண் அவருடையதே அன்று. 2009 வாக்கில் கணவர் தம் பெயரில் வாங்கி மனைவிக்குக் கொடுத்தது. கணவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆன பிறகும் இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் இது சர்வ சாதாரணம். சிம் கார்டு தொலைந்தால் நிறுவனம் மாற்று சிம்மைக் கொடுக்க வேண்டியது பதிவிலுள்ள ஆளுக்குத்தான். அந்த ஆள் இல்லை என்றால் வங்கியும் ஆதாரும் தொங்கலில் நின்றுவிடும். இதை ஆச்சியிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அதற்குமுன் முயன்ற மூன்று வழிகள்

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டாவது எண் ஒன்றுக்காக அவர் மூன்று முறை முயன்றிருந்தார். மூன்றும் பலரும் முயலும் வழிகளே.

முதலாவது, தெரிந்த பையன் ஒருவன் இறக்கிக் கொடுத்த, இலவசமாக அமெரிக்க எண் தரும் செயலி. அதில் வாட்ஸ்அப் தொடங்க முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அது தானாக வெளியேறிவிட்டது. இத்தகைய எண்கள் பயன்பாடு குறைந்தால் திரும்பப் பெறப்பட்டு வேறொருவருக்குப் போகின்றன. அப்படிப் போனால் ஓடிபியும் அவருக்கே போகும், கணக்கும் அவர் கைக்கு மாறும். வரும் குறுஞ்செய்திகளை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது எண் தளங்கள் இதைவிட மோசமானவை. மேலும், வங்கிக்கோ ஆதாருக்கோ யுபிஐக்கோ அந்த எண் உதவாது.

இரண்டாவது, வேறொருவர் பெயரில் ஏற்கெனவே இயக்கத்தில் உள்ள சிம்மைத் தருவதாக ஒருவர் சொன்னது. "யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்பதே அவர் சொன்ன சிறப்பு. நல்ல வேளையாக ஆச்சி வாங்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தனிப்பட்ட எண் என்றால் ஊருக்குத் தெரியாத எண் என்று பொருள். அரசுக்குத் தெரியாத எண் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே வழி தவறிவிடும். சட்டப்படி, ஒருவர் தம் பெயரில் நாடு முழுவதிலுமாக ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. நேர்வழியில் இவ்வளவு இடம் இருக்கும்போது குறுக்குவழிக்கே தேவையில்லை.

மூன்றாவதுதான் காயம் உண்டாக்கியது. வைகாசி மாதத்தில் பேருந்து நிலையத்தருகே குடை விரித்து சிம் விற்ற ஓர் இளைஞரிடம் ஆதாரைக் கொடுத்து விரல் ரேகை வைத்தார். "பதியலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று மூன்று முறை வாங்கிக்கொண்டு, கடைசியில் சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் குடையும் இல்லை, ஆளும் இல்லை. இது எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த எண் வெளியே, எந்த எண் உள்ளே

பழைய எண்ணை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, புதிய எண்ணை வணிகத்துக்குக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நானும் முதலில் அப்படியே நினைத்தேன். ஆனால் பழைய எண் ஐயாயிரம் லேபிள்களிலும், கடல்கடந்த சமையலறைகளின் டப்பாக்களிலும், யார் யாருடைய கைப்பேசிகளிலோ இருக்கிறது. வெளியே போன எண்ணைத் திரும்ப உள்ளே அழைத்துவர முடியாது. ஆகவே முறையைத் தலைகீழாக மாற்றினோம். ஊருக்குத் தெரிந்த பழைய எண் வணிகத்துக்கே இருக்கட்டும். யாருக்கும் தெரியாத புதிய எண்ணுக்கு வங்கியும் ஆதாரும் குடும்பமும் இடம்பெயரட்டும் என்பதே முடிவு.

ஆச்சிக்கு இதை விளக்க அவர் வீடே போதுமானதாக இருந்தது. வீட்டின் முன்புறமான முகப்பில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதையடுத்த கூடமான பட்டாலையில் கணக்குப் பேசலாம். உள்முற்றமான வளவுக்குள் உறவுக்காரர் மட்டும்தான் வருவார்கள். "அப்ப பழசு முகப்பு நம்பர், புதுசு வளவு நம்பர்" என்று அவரே பெயர் வைத்தார். அதன்பிறகு எந்தக் கணக்கை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கவே இல்லை. நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: பணத்தையோ அடையாளத்தையோ அசைக்கக்கூடியது எதுவாயினும் வளவு எண்ணில், தெருவிலிருந்து ஓர் ஆள் கூப்பிடக்கூடியது எதுவாயினும் முகப்பு எண்ணில். இதன்படி எரிவாயு உருளையும் பார்சலும் முகப்புக்குப் போயின.

சிம் வாங்கிய நாள்

குடைக்கடைகளை விட்டு, நிறுவனத்தின் சொந்தக் காட்சியகத்துக்கே போனோம். 2023 டிசம்பர் முதல் சிம் விற்பவர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் காகிதப் படிவ முறை நிறுத்தப்பட்டு எல்லாம் மின்னணு முறையில்தான் நடக்கிறது. அங்கே ஆச்சியின் விரல் உண்மையிலேயே பதியவில்லை. ஆண்டுக்கணக்காகத் தேன்குழல் அச்சை அழுத்தி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியருகே நின்று, விரல் நுனிகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். கருவியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. ரேகை கேட்காத இன்னொரு முறையும் உண்டு என்பதை அங்கிருந்த பெண் ஊழியரே சொன்னார். அசல் அடையாள ஆவணத்தையும் வாடிக்கையாளரையும் செயலியிலேயே நேரடியாகப் படமெடுத்து, வேறொரு எண்ணுக்கு ஓடிபி அனுப்பி உறுதி செய்வது அந்த முறை. இது தெரியாமல், மீண்டும் மீண்டும் விரலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கிடைத்த எண்ணை உடனே வங்கியில் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினேன். துண்டிக்கப்பட்ட எண்கள் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படுகின்றன. ஆகவே புதிய எண் என்பது பெரும்பாலும் ஒருவர் பயன்படுத்திவிட்ட எண்ணாக இருக்கலாம். என் கைப்பேசியில் அந்த எண்ணைச் சேமித்து வாட்ஸ்அப்பில் பார்த்தபோது முன்பின் தெரியாத ஓர் இளைஞரின் படம் வந்தது. யுபிஐ செயலியில் போட்டுப் பார்த்தபோது அவர் பெயரும் வந்தது. அடுத்த இரண்டு நாளில் கடன் தவணை கேட்டு நான்கு அழைப்புகள். அந்த இணைப்பை முறைப்படி ஒப்படைத்துவிட்டு வேறு எண் வாங்கினோம். இரண்டாவது எண்ணில் படமும் இல்லை, பெயரும் இல்லை. எந்த எண்ணையும் இப்படிச் சோதிக்காமல் வங்கியில் சேர்க்கக் கூடாது என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

புதிய எண் இயங்கிய அன்று மாலையே, தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு நுழைந்து, ஆச்சியின் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்த்தோம். மூன்று வரிசைகள் இருந்தன. ஒன்று அப்போது வாங்கியது. மற்ற இரண்டின் இடை இலக்கங்கள் மறைக்கப்பட்டிருந்தன. ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, "இது நம்மது இல்லையே தம்பி" என்றார். குடைக்கடையில் 'பதியாத' விரல்கள் இரண்டு முறை பதிந்திருக்கின்றன என்பதே என் முடிவு. அந்த இணைப்புகளில் யாராவது மோசடி செய்திருந்தால் காவல்துறை முதலில் தட்டுவது கோட்டையூர் வீட்டுக் கதவைத்தான். இரண்டுக்கும் எதிரே, இது என் எண் அல்ல என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, வந்த குறிப்பு எண்ணை எழுதி வைத்தோம். கணவர் பெயரிலிருந்த பழைய எண்ணைக் கொண்டு நுழைந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

பழைய எண்ணைத் தம் பெயருக்கு மாற்றியது

இதற்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆச்சியின் அடையாள ஆவணம் ஆகியவற்றுடன் காட்சியகத்துக்கு மூன்று நடை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நடையிலும் ஒவ்வொரு தாள் குறைவு என்றார்கள். மூன்றாம் நடையில் முடிந்தது. புது சிம் கைக்கு வந்தபின் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்திகள் தடுக்கப்பட்டிருக்கும். சிம் மாற்றி மோசடி செய்பவர்கள் உடனே ஓடிபி பெறாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. அதனால் அந்த நாளில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே குடிபெயர்தல்

முதலில் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் புதிய எண்ணைப் பதிந்தோம். அடுத்து அஞ்சலக ஆதார் மையத்தில் எண் மாற்றம். அங்கேயும் விரல் கைவிட்டது. கருவிழிப் பதிவு கைகொடுத்தது. எண் மாறியதாகச் செய்தி வந்ததும் செய்த முதல் வேலை, ஆதாரின் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டது. தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்; பூட்டியிருக்கும்போது எந்தக் குடையின் கீழும் அந்த விரல்களை வைத்துச் சரிபார்க்க முடியாது.

பழைய எண்ணிலிருந்த வாட்ஸ்அப் கணக்கை, மகன் விட்டுப்போன பழைய கைப்பேசி ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸாக மாற்றினோம். முகப்புப் படத்தில் பேத்திக்குப் பதில் ஒரு தாம்பாளம் நிறைய சீப்புச்சீடை. தெரியாதவர் அழைப்புகளை ஒலியடக்கும் வசதியை இயக்கினோம். இரண்டு எண்களின் கணக்குகளுக்கும் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டோம். அந்தக் கைப்பேசி பகலில் முகப்பு மேசைமேல் இருக்கும்; இரவு எட்டு மணிக்கு அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். வளவு எண்ணுக்கு, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் போதும். இப்படிப்பட்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. வீட்டில் வைஃபை இருப்பதால் இணையத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

புதிய எண் யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். வங்கி, ஆதார், சிங்கப்பூர் மகன், மகள், மருத்துவர், பக்கத்து வீட்டு ஆச்சி. ஏழாவதாக என் பெயரை எழுதப் போனார். வேண்டாம், எனக்கு முகப்பு எண்ணே போதும் என்றேன்.

கசிந்த இடங்கள்

இவ்வளவு கவனமாகச் செய்தும் மூன்று இடங்களில் கசிவு ஏற்பட்டது. யுபிஐ செயலியைப் புதிய எண்ணில் தொடங்கியபோது, அது தானாகவே அந்தப் பத்து இலக்கங்களைக் கொண்டே யுபிஐ முகவரியை உருவாக்கியது. ஒரு வாடிக்கையாளருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் முன் தற்செயலாகக் கவனித்தேன். இலக்கமில்லாத வேறு முகவரியை உருவாக்கி, பழையதை நீக்கி, வாடிக்கையாளர்களுக்கு வங்கி கொடுத்த வணிக கியூஆர் அட்டையை மட்டும் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

இரண்டாவது, உறவினர் ஒருவர் கைப்பேசியில் புதிய எண் 'பலகார ஆச்சி கோட்டையூர்' என்று பதிந்து, அங்கிருந்து, அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில் ஏறியது. ட்ரூகாலரின் தளத்திலேயே எண்ணை நீக்கக் கோரும் வசதி உண்டு; கோரி நீக்கினோம். மூன்றாவது மனவருத்தமானது. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர். விசேஷச் செய்திகள் எல்லாம் அதில்தான் வரும். புதிய எண்ணில் சேர்ந்தால் இருநூறு பேருக்கும் எண் தெரியும். "சொந்தக்காரங்களை முகப்போட நிறுத்துறதா?" என்று ஆச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும், குழு முகப்புக் கைப்பேசியிலேயே இருக்கட்டும் என்று இரண்டு நாள் யோசித்து அவரே முடிவெடுத்தார்.

இரவு அழைப்புகளில் பெரும்பாலானவை கைப்பேசியை அணைத்ததோடு தீர்ந்தன. ஒருவன் மட்டும் வெவ்வேறு எண்களிலிருந்து தொடர்ந்தான். கோபத்தில் ஆச்சி முதலில் வந்த செய்திகளை அழித்துவிட்டிருந்தார். அது சான்றை அழித்ததாகிவிட்டது. அடுத்து வந்தவற்றை அழிக்காமல் படமெடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்தோம். ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவின்படி குற்றம். புகாருக்குப் பிறகு அந்த ஆளிடமிருந்து அழைப்பு இல்லை. பணம் போயிருந்தால் தளத்துக்கும் முன்னதாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்திருக்க வேண்டும். பணம் போகாதபோதும், ஓடிபி கேட்டவனைப் போன்றவர்களின் மோசடி அழைப்புகளைத் தெரிவிக்க சஞ்சார் சாத்தியில் சக்ஷு என்ற பிரிவு உண்டு.

இன்றைய நிலை

ஆச்சி பெயரிலிருந்த தெரியாத இணைப்புகள் இரண்டில் ஒன்று துண்டிக்கப்பட்டுவிட்டது. மற்றொன்று இன்னும் பரிசீலனையில் என்றே காட்டுகிறது. மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவருகிறோம். லேபிள்கள் தீரும் நிலையில் இருப்பதால், அடுத்த அச்சில் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாக, வீட்டு ஃபைபர் இணைப்போடு வந்த 04565இல் தொடங்கும் தரைவழி எண்ணைப் போடலாம் என்று யோசனை சொன்னேன். வாட்ஸ்அப் பிசினஸைத் தரைவழி எண்ணிலும் பதியலாம். குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு வந்து ஆறு இலக்கங்களைச் சொல்லும். சென்ற வாரம் அதைச் செய்தோம். பட்டாலையில் தொலைபேசி அடித்தபோது ஆச்சியின் கைகளில் மாவு. பேத்தி எடுத்துக் கேட்டு, ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகச் சொல்ல, நான் தட்டினேன். இனிப் பழைய கைப்பேசி எண் லேபிளில் இராது. ஆனாலும் அதை விட்டுவிட்டால் மூன்று மாதம் கழித்து வேறொருவர் கைக்குப் போகலாம், வெளியூர் வாடிக்கையாளர் அவரிடம் பணம் அனுப்பலாம் என்பதால், அதற்கு ரீசார்ஜ் செய்யும் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே ஆச்சி எழுதி வைத்திருக்கிறார்.